உழைக்கும் உடம்புக்கு ஏற்ற களிசான்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆயினும் அதனை நாம் திருமண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் மட்டுமே உரியதாக்கிவிட்டோம். தைப்பொங்கலுக்கு வேட்டி, தீபாவளிக்குப் பட்டு, பள்ளிக்கூடம் தொடங்கும் நாளுக்கு வெள்ளைச் சீருடை என்று பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். ஆனால், விடியற்காலையில் கடலில் இறங்கும் தந்தைக்கும், பனையில் ஏறும் தமையனுக்கும், தோட்டத்தில் நீர் இறைக்கும் தாய்க்கும் தொழிலுடை என்று எதனை வாங்குகிறோம்? பெரும்பாலான வீடுகளில் இக்கேள்விக்கு விடை, "பழையதே போதும்" என்பதுதான். கல்யாணத்துக்குக் கட்டிய சாரம் நைந்தபின் தொழிலுக்கு. அலுவலகத்துக்கு அணிந்த நீளக் களிசான் முழங்காலில் வெளுத்தபின் கடலுக்கு. இவ்வாறு வீட்டிலே மிகக் கடுமையாக உழைக்கும் உடம்புக்கு, வீட்டிலே மிக நலிந்த துணி போய்ச் சேர்கின்றது.

இது சிக்கனம் போலத் தோன்றினும் உண்மையில் சிக்கனமன்று. வலையையும் இயந்திரத்தையும் கத்தியையும் போலத் தொழிலுடையும் ஒரு கருவியே. அதனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை, யாழ்ப்பாணத்துத் தீவகத்தை மனத்திற்கொண்டு இங்கே ஆராய்வோம்.

தீவகத்தின் மூவகைச் சோதனை

ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு என்னும் நிலப்பகுதிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான செய்திகள் மூன்று. முதலாவது வெயில். மலையோ பெருங்காடோ இல்லாத தட்டையான நிலம் இது. பனையின் நிழல் நீளமானதேயன்றி அகலமானதன்று. இரண்டாவது உப்பு. காற்றிலே உப்பு, கிணற்றிலே உப்பு, வியர்வையிலே உப்பு. மூன்றாவது கல். சுண்ணக்கல்லும் பவளப்பாறையும் நிலத்தின் எலும்பாக அமைந்திருக்கின்றன. நெடுந்தீவிலே காணிக்குக் காணி எழுப்பப்பட்டிருக்கும் பவளக்கல் மதில்களைக் கண்டவர்கள், அக்கல்லின் கூர்மையை நன்கறிவர்.

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லவேண்டும். சோளகக் காற்று எழும் மாதங்களில் அப்படகிற் செல்பவர் நனையாமல் கரை சேர்வது அரிது. பயணிக்கே இந்நிலை என்றால், அக்கடலிலே நாள்முழுதும் நின்று தொழில் செய்பவரின் உடை எத்தகைய சோதனைக்கு ஆளாகும் என்று எண்ணிப் பாருங்கள். வெயில் துணியின் நூலை நலிவிக்கின்றது. உப்பு அதனை விறைக்கச் செய்கின்றது. கல் அதனைக் கிழிக்கின்றது. இம்மூன்றையும் தாங்கும் துணியே தீவகத்துக்கு ஏற்ற தொழிலுடையாகும்.

சாரத்தின் பெருமையும் அதன் எல்லையும்

நம்மவரின் பழைய தொழிலுடை சாரமும் கோவணமும் துவாயுமே. இவற்றை நாம் இகழ்தல் ஆகாது. சாரத்தைப் போலக் காற்றோட்டம் உள்ள உடை உலகில் அரிது. அதனைத் தையற்காரர் அளவெடுக்க வேண்டியதில்லை. மெலிந்தவரும் பருத்தவரும் ஒன்றையே உடுத்தலாம். வெயிலில் தலைப்பாகையாகவும், இரவில் போர்வையாகவும், சந்தைக்குப் போகும்போது மூட்டை கட்டும் துணியாகவும் அது பயன்படும். மடித்துச் சண்டிக்கட்டாகக் கட்டினால் முழங்கால் விடுதலை பெறும்.

ஆயினும் காலம் மாறிவிட்டது. துடுப்பும் பாயும் கொண்ட வள்ளங்களின் இடத்தில், கண்ணாடியிழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் வந்துவிட்டன. சுழலும் தண்டுக்கு அருகே தொங்கும் துணி இருத்தல் பேராபத்து. ஒரு நொடியிற் சுருட்டி இழுத்துவிடும். வலையை வேகமாக வெளியே விடும்போது, தொங்கும் தலைப்பு வலையின் கண்ணிற் சிக்கினால், வலையோடு ஆளும் கடலுக்குள் போகநேரும்.

தவறி நீரில் விழுந்தாலும் சாரம் பகையாகின்றது. துணியில் ஊறிய நீர், நாம் கடலுக்குள் இருக்கும்வரை தனிப்பாரமாக அழுத்துவதில்லை. ஆனால் அகன்ற துணி இரு கால்களையும் சுற்றிக்கொண்டு நீந்தவிடாமல் தடுக்கும். படகின் விளிம்பைப் பற்றி மேலே ஏற முயலும்போதோ, ஊறிய நீர் முழுவதும் ஒருங்கே பாரமாகும். ஆகவே, இயந்திரப் படகில் தொழில் செய்வோர்க்கு இரு கால்களும் தனித்தனியே அமைந்த களிசானே பாதுகாப்பானது. உயிர்காப்பு அங்கியின் தேவையை எந்தக் களிசானும் நீக்கிவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறோம்.

களிசான் வந்த வழி

"களிசான்" என்னும் சொல்லே ஒரு சரித்திரம் சொல்கின்றது. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து நாம் பெற்ற சொல் அது. சப்பாத்து, துவாய், லேஞ்சி என்பனவும் அவ்வழி வந்தவையே. ஊர்காவற்றுறைக்கு வழங்கும் "கயிற்ஸ்" என்னும் பெயருங்கூட, யானைகளைக் கப்பலேற்றிய துறை என்னும் கருத்துள்ள போர்த்துக்கேயத் தொடரின் எச்சமே என்பர்.

தொழிலாளரின் களிசானுக்கு உலக வரலாற்றில் நம் பக்கத்து நாட்டுக்கும் பங்குண்டு. ஆங்கிலேயர் "டங்கரி" என்று அழைக்கும் முரட்டுப் பருத்தித் துணி, பம்பாயின் டோங்கிரிப் பகுதியின் பெயரால் வந்தது. பெசாவரில் 1840களின் பிற்பகுதியில் ஹரி லம்ஸ்டன் என்னும் படையதிகாரி தம் வீரர்க்கு மண்ணிறத் துணியை உடுத்துவித்தார், அதுவே காக்கி. காக்கி என்றால் புழுதி நிறம் என்று பொருள். அமெரிக்காவிலோ யேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரர், தொழிலாளரின் சட்டைப்பைகள் அடிக்கடி கிழிவதைக் கண்டு, அவற்றின் மூலைகளில் செம்புக் குமிழாணிகளை அறைந்தார். லீவை ஸ்ட்ராஸ் என்னும் துணி வணிகருடன் சேர்ந்து 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று இளைஞர் நாகரிகமாகக் கருதும் ஜீன்ஸ், தொடக்கத்தில் சுரங்கத்திலும் பண்ணையிலும் உழைத்தவரின் உடையே. துணி எங்கே கிழிகின்றது என்று பார்த்து, அவ்விடத்தை வலுப்படுத்தியதே அந்தத் தையற்காரரின் திறமை. தொழிலுடையின் முதற்பாடம் அதுவே.

பனிமலை கற்பிக்கும் பாடம்

புங்குடுதீவிலும் நயினாதீவிலும் பிறந்தோர் பலர் இன்று சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் வாழ்கின்றனர். அந்நாடுகளின் பனிமலைகளில், சறுக்கி விளையாட வருவோரைக் காப்பதும், மின்தூக்கிகளை இயக்குவதும், வழிகளைச் செப்பனிடுவதும் பலருக்குத் தொழில். அத்தொழிலாளர் அணியும் களிசானுக்கும் நம் கடற்றொழிலாளரின் களிசானுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கலாம். தொடர்பு உண்டு.

பனிமலையிலே உருகும் பனி உடையை நனைக்கின்றது. நம் கடலிலே அலை நனைக்கின்றது. அங்கே புதுப்பனி சூரியனின் புறஊதாக் கதிர்களில் 80 வீதம் வரை திருப்பியடிக்கின்றது. இங்கே கடல் நுரை 25 வீதத்தையும் உலர்ந்த மணல் 15 வீதத்தையும் திருப்பியடிக்கின்றன என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. குளிரிலும் கடின உழைப்பு வியர்வையைத் தருகின்றது. வெளிநீர் உட்புகாமலும் உள்வியர்வை ஆவியாய் வெளியேறியும் இருக்கவேண்டும் என்பதே அங்குள்ள சிக்கல். 1969 ஆம் ஆண்டில் பொப் கோர் என்னும் அமெரிக்கர் கண்டறிந்த நுண்துளைப் படலம், நீர்த்துளியைத் தடுத்து நீராவியை மட்டும் வெளியே விட்டது.

அத்தகைய விலையுயர்ந்த படலம் நம் வெப்ப நாட்டுக்கு வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்போடு அனுப்பும் பஞ்சு வைத்த பனிக் களிசானை ஊர்காவற்றுறை வெயிலில் அணிந்தால் உடல் வெந்துபோகும். ஆனால் அதன் அமைப்பைக் கூர்ந்து பார்த்தல் நன்று. முழங்காலிலும் இருப்பிடத்திலும் இரட்டைத் துணி. கணுக்காலின் உட்புறத்தில் உராய்வைத் தாங்கும் தடித்த ஒட்டு. முழங்கால் மடிவதற்கேற்ற வளைந்த வெட்டு. தொடையின் பக்கத்தில் திறந்துவிடும் காற்றுவழி. இவற்றை நம்மூர்த் தையற்காரர் சாதாரணப் பருத்தித் துணியிலும் அமைத்துத் தரலாம்.

எந்தத் துணி?

கடையில் துணி வாங்கும்போது நிறத்தைப் பார்க்குமுன் நூலைப் பார்க்கவேண்டும். மாணவர்க்கும் பயன்படுமாறு அவற்றின் இயல்பைச் சுருங்கக் கூறுவோம்.

பருத்தி: இயல்பான காற்றிலேயே தன் எடையில் ஏறக்குறைய 8.5 வீத ஈரத்தை ஏற்கும் இயல்புடையது. ஆகவே வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், உடம்புக்கு இதமானது. நனையும்போது அதன் வலிமை குறையாமல் சற்றே மிகுகின்றது என்பது பலர் அறியாத சிறப்பு. குறை யாதெனில், நனைந்தால் காய நெடுநேரம் செல்லும். வாடைக்காற்று வீசும் இரவுகளில் ஈரப்பருத்தி உடற்சூட்டை இழுத்துக் குளிரை உண்டாக்கும்.

பொலியெஸ்டர்: 1941 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே வின்ஃபீல்ட், டிக்சன் என்னும் இருவர் உருவாக்கியது. 0.4 வீத ஈரத்தையே ஏற்பதால் விரைவிற் காயும்; வெயிலையும் உராய்வையும் தாங்கும். ஆனால் தனிப் பொலியெஸ்டரை நெருக்கமாக நெய்து உடுத்தினால் வியர்வை உடம்பிலேயே தங்கிப் பிசுபிசுக்கும்.

நைலோன்: உராய்வைத் தாங்குவதில் வல்லது. ஆயினும் நீண்டகாலம் வெயிலிற் கிடந்தால் பொலியெஸ்டரை விட விரைவாக நலிந்துவிடும்.

ரேயான்: கையில் எடுக்கும்போது மிருதுவாகவும் பளபளப்பாகவும் இருந்து ஏமாற்றும். நனைந்தால் அதன் வலிமையிற் பாதியளவு போய்விடும். கடற்றொழிலுக்கு இதனை அறவே விலக்குக.

பகலில் தோட்டத்திலும் பனையிலும் உழைப்போர்க்குத் தனிப் பருத்தியே நல்லது. அடிக்கடி நனையும் கடற்றொழிலாளருக்கும் இரவிற் கடலுக்குச் செல்வோருக்கும், 65 வீதம் பொலியெஸ்டரும் 35 வீதம் பருத்தியும் கலந்த துணி ஏற்றது. நெசவில், சாய்ந்த கோடுகள் தெரியும் "டிரில்" வகை வலிமையானது. பள்ளிக்கூடத்துச் சாரணர் அணியும் காக்கித் துணியை உற்றுப் பார்த்தால் இந்தச் சாய்கோடுகள் தெரியும்.

ஒன்றை எச்சரிக்க வேண்டும். பொலியெஸ்டரும் நைலோனும் ஏறக்குறைய 250 பாகை செல்சியசில் உருகும். உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். அடுப்பு, நெருப்பு, பற்றவைப்பு ஆகியவற்றின் அருகே தொழில் செய்வோர் பருத்தியையே உடுத்தவேண்டும்.

துணியின் உண்மையை அறியக் கடைக்காரரின் வாய்ச்சொல் மட்டும் போதாது. ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, பெரியவர் ஒருவர் முன்னிலையில் நெருப்பிற் காட்டுக. கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலானால் அது பருத்தி. சுருங்கி உருகிக் கெட்டியான மணியாக நின்றால் அது செயற்கை நூல். இரண்டும் கலந்து தோன்றினால் கலப்புத் துணி.

வெயிலைத் தடுக்கும் துணி

யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 9½ பாகையில் உள்ளது. இவ்வளவு அருகில் இருப்பதால் நண்பகற் கதிர்கள் ஏறக்குறையச் செங்குத்தாகவே விழுகின்றன. கடலில் இடுப்பளவு நீரில் நின்றால் வெயில் படாது என்று எண்ணுவோரும் உளர். அரை மீற்றர் ஆழத்திலும் புறஊதாக் கதிர், மேற்பரப்பிலுள்ள அளவில் 40 வீதம் இருக்கும் என்பதை அவர்கள் அறியவேண்டும்.

துணி எவ்வளவு கதிரைத் தடுக்கின்றது என்பதை அளக்க ஓர் எண் உண்டு. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996 ஆம் ஆண்டில் இதற்கு நியமம் வகுத்தன. எண் 50 என்றால் கதிர்களில் ஐம்பதில் ஒரு பங்கே உட்புகும் என்பது பொருள். மெல்லிய வெள்ளைப் பருத்திப் பெனியனுக்கு இவ்வெண் 5 முதல் 7 வரையே. அது நனைந்தால் 3 அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே, நனைந்த வெள்ளைப் பெனியனோடு நாள்முழுதும் கடலில் நிற்பவர், பாதி உடுத்தியவராகவே வெயிலுக்குத் தோன்றுவார்.

எண் அச்சிடாத துணிக்கும் எளிய சோதனை ஒன்றுண்டு. துணியை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். துளித்துளியாக ஒளி தெரிந்தால் விலக்குக. மங்கலாக மறைத்தால் கொள்க. ஒரே துணியில் கடுநிறம் வெண்ணிறத்தைவிடக் கூடுதலாகக் கதிரைத் தடுக்கும். கடுநிறம் சூட்டை இழுக்குமே என்று கேட்கலாம். பாலைவனத்து அராபிய நாடோடிகள் கருநிற அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்த விஞ்ஞானிகள், 1980 ஆம் ஆண்டில் ஒரு விடை கண்டனர். அங்கி தளர்வாக இருந்தால், கறுப்பானாலும் வெள்ளையானாலும் உடம்பை எட்டும் சூடு ஒன்றே. கறுப்புத் துணி ஏற்ற மிகைச்சூடு, தோலை அடையுமுன்னரே காற்றோடு போய்விடுகின்றது. இறுக்கமான கறுப்புக் களிசானுக்கு இது பொருந்தாது. நிறத்தைவிடத் தளர்வே முக்கியம் என்பது இதனால் விளங்கும். இடைநிலையான காக்கி, சாம்பல், கடற்பச்சை ஆகிய நிறங்கள் தீவகத்துக்கு நன்கு பொருந்தும்.

தையலிற் கவனிக்க வேண்டியவை

நல்ல துணி கெட்ட தையலால் வீணாகும். களிசான் முதலிற் கிழிவது கவட்டில். காரணம், நான்கு தையல்கள் அங்கே ஒரே புள்ளியிற் கூடுகின்றன. குந்தும்போதும் படகிற் காலைத் தூக்கி வைக்கும்போதும் முழு இழுவையும் அப்புள்ளியில் விழுகின்றது. அவ்விடத்தில் வைரவடிவான துண்டு ஒன்றை வைத்துத் தைத்தால் இழுவை நாற்புறமும் பகிரப்படும். கால் தடையின்றி அகலும். இத்துண்டுக்குக் கையகலத் துணி போதும். ஆனால் களிசானின் ஆயுள் அதனாற் பலமடங்கு நீளும்.

தையல் ஓரங்கள் மடித்து இரட்டைத் தையல் இடப்பட்டிருக்க வேண்டும். தொடையின் உட்பக்கத்தில் தடித்த தையல் வரம்பு இருத்தல் ஆகாது. உப்புநீரில் நனைந்த வரம்பு நடக்க நடக்கத் தோலை அராவிப் புண்ணாக்கும்.

இடுப்பிலே நாடாவும் இலாஸ்ரிக்கும் சேர்ந்து இருப்பது நல்லது. இரும்புச் "சிப்" உப்புக்காற்றிற் சில மாதங்களில் துருப்பிடித்து இறுகிவிடும். பிளாஸ்டிக்கோ பித்தளையோ கேட்டு வாங்குக. அல்லது நம்மூர்த் தெறியே மேல். சட்டைப்பையின் வாய் மூடியோடு இருக்கட்டும். அடியில் சிறு துளை இருந்தால் நீர் வடிந்துவிடும். துணியை வெட்டுமுன் ஒருமுறை நனைத்துக் காயவைத்தல் அவசியம். இல்லையேல் முதற் சலவையிலேயே களிசான் சுருங்கி, அண்ணனுடையது தம்பிக்காகிவிடும்.

வாங்குமுன் அணிந்து பார்க்கும்போது கண்ணாடிமுன் நேராக நின்று பயனில்லை. முழுதாகக் குந்துங்கள், ஒரு காலை இடுப்புயர மேடையில் தூக்கி வையுங்கள், குனிந்து தரையிலுள்ள பாரத்தைத் தூக்குவதுபோலச் செய்யுங்கள். இம்மூன்றிலும் இடுப்பு கீழிறங்காமலும் முழங்கால் இறுகாமலும் இருந்தால் அதுவே உங்களுக்குரியது.

தொழிலுக்குத் தொழில் வேறு

களங்கண்ணி வலைக்கும் நண்டு வலைக்கும் கடலில் இறங்குவோர்க்குக் கணுக்கால்வரை நீண்ட, அடி குறுகிய களிசான் வேண்டும். சொறிமுட்டை எனப்படும் ஜெல்லி மீனின் எரிவையும், பாறையின் சிராய்ப்பையும், கதிரவனின் கடுமையையும் அது ஒருங்கே குறைக்கும். ஓராவின் முள்ளையும் திருக்கையின் வாலையும் துணி தடுக்காது. அவற்றுக்குக் காலணியும் கவனமுமே காவல். கலப்புத் துணியில், முழங்காலுக்கு மட்டும் இரட்டைத் துணி வைத்துத் தைப்பது இவர்களுக்கு ஏற்றது.

சீவல் தொழிலாளரின் தேவை வேறு. காலிலே தளநார், இடுப்பிலே பாளைக்கத்தியும் முட்டியும். மரத்தோடு உடம்பு உராய்ந்து ஏறுவதால் வழுக்கும் செயற்கைத் துணி இவர்களுக்குக் கேடு விளைக்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பருத்திக் களிசானே நன்று. தொடையின் உட்புறத்தில், மரம் படும் இடத்தில், தடித்த துணி ஒட்டுப்போட வேண்டும். கருக்குமட்டையில் மாட்டிக்கொள்ளும் தொங்கல்கள் எவையும் இருத்தல் கூடாது. கத்திக்கூட்டைத் தாங்க இடுப்பில் அகன்ற, உறுதியான வளையங்கள் வேண்டும். ஏறும்போது அது ஆடினால் ஆபத்து.

புகையிலைத் தோட்டத்தில் உழைப்போர் ஒன்றை அறிந்திருத்தல் நன்று. பனியிலோ மழையிலோ நனைந்த புகையிலையினின்று நிக்கொட்டின் நஞ்சு கரைந்து, ஈரத்துணியின் வழியே தோலினுட் புகும். தலைச்சுற்றும் வாந்தியும் இதனால் உண்டாகலாம். ஆகவே நனைந்த களிசானை உடனே மாற்றிக்கொள்ள, இன்னொன்று வரப்பிலே காத்திருக்க வேண்டும். மருந்து தெளிப்போர் அவ்வுடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் தோய்த்தல் கூடாது.

தாய்மார்க்கு ஒரு சொல்

தொழிலுடை என்றவுடன் ஆண்களையே நாம் நினைக்கிறோம். ஆழமற்ற கடலில் இறால் பிடிப்பவர்களும், கடற்பாசி வளர்ப்பவர்களும், மீன் உலர்த்துபவர்களும், வெங்காயத் தோட்டத்தில் நாள்முழுதும் குந்தியிருப்பவர்களும் வடபகுதியிற் பெரும்பாலும் பெண்களே. நனைந்த சேலையும் பாவாடையும் கால்களைச் சுற்றி அவர்களை இடறச் செய்கின்றன. ஈரத்தோடு பல மணி நேரம் இருப்பதால் தோல் நோய்களும் வருகின்றன.

தளர்வான நீளக் களிசானும், அதன்மேல் முழங்கால்வரை இறங்கும் முழுக்கைச் சட்டையும் அடக்கத்துக்கும் வசதிக்கும் ஒருங்கே பொருந்தும். "ஊர் என்ன சொல்லும்?" என்று தயங்கும் தாய்மார்க்கு, அவர்களுடைய மக்களே துணைநிற்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சிக்குக் களிசான் அணியும் மகள், கடலில் இறங்கும் தாய்க்கு அதனை மறுத்தல் முறையாகுமா?

உப்பை வெளியேற்றும் வகை

கடலுடையை அழிப்பது கடலைவிட, அதிற் படிந்து தங்கும் உப்பே. உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால் துணி ஒருபோதும் முற்றாகக் காயாது. அதன் பரல்கள் நூலையும் தோலையும் அராவும். ஆதலின் கரை சேர்ந்தவுடன் நன்னீரில் அலசுதல் முதற்கடன்.

தீவகத்தில் நன்னீர் அருமையானது என்பதை நாம் மறக்கவில்லை. பல கிணறுகள் உவர்நீரே சுரக்கின்றன. சிறிது நன்னீரே உண்டெனில் அதனை இரண்டாகப் பிரியுங்கள். முதற்பாதியில் நனைத்துப் பிழிக. மறுபாதியில் அலசிப் பிழிக. ஒரே வாளியில் ஒருமுறை அலசுவதைவிட இது கூடுதலான உப்பை வெளியேற்றும். மழைக்காலத்தில் கூரைநீரைப் பிடித்துவைத்தால் துணிக்கும் உதவும்.

சுண்ணக்கல் நிலத்து நீர் வன்னீர். அதிற் சவர்க்காரம் நுரைக்காமல், வெண்படிவாகித் துணியில் ஒட்டி அதனை விறைக்கச் செய்யும். வன்னீரில் சலவைத்தூளே சவர்க்காரத்தைவிட நன்கு வேலை செய்யும். காயவைக்கும்போது உட்புறத்தை வெளியே திருப்பி, நிழலிற் காற்றுப்படத் தொங்கவிடுக. கடலிலே பகல்முழுதும் வெயில் குடித்த துணி, கொடியிலாவது இளைப்பாறட்டும்.

ஒருவருக்குத் தொழிற்களிசான் இரண்டு வேண்டும். ஒன்று உடம்பில், மற்றது கொடியில். ஒன்றையே நாள்தோறும் ஈரத்தோடு உடுத்துவதைவிட, இரண்டை மாறிமாறி உடுத்தினால் இரண்டும் நெடுநாள் உழைக்கும்.

விலையும் மதிப்பும்

"இவ்வளவும் செய்யப் பணம் எங்கே?" என்று குடும்பத்தலைவியர் கேட்பர். கேள்வி நியாயமானதே. விலையைக் களிசானுக்கு என்று கணக்கிடாமல் மாதத்துக்கு என்று கணக்கிட்டுப் பாருங்கள். மலிவாக வாங்கியது மூன்று மாதத்திற் கிழிந்தால், அதைப்போல் இருமடங்கு விலையில் ஓராண்டு உழைப்பதே மலிவானது. அதனோடு, தொடைப்புண்ணால் தொழிலுக்குப் போகாத நாட்களின் வருமானத்தையும் சேர்த்து எண்ணுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும் நம்மிடையே உள்ளன. ஊரிலே இருபது பேர் சேர்ந்தால் டிரில் துணியை மொத்தமாக வாங்கலாம். தையல் இயந்திரத்தோடு வேலை தேடும் பெண்கள் ஒவ்வொரு தீவிலும் இருக்கின்றனர். துணியின் மிச்சமும் தையற்கூலியும் ஊரிலேயே தங்கும். நம் நாட்டின் தொழிற்சாலை ஏற்றுமதியில் ஆடையே முதலிடம் பெறுகின்றது. கிளிநொச்சியிலும் நம் பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளில் உழைக்கின்றனர். உலகின் உழைப்பாளிக்கும் விளையாட்டு வீரருக்கும் உடை தைக்கத் தெரிந்த நாட்டில், சொந்த ஊரின் உழைப்பாளி கந்தையோடு கடலுக்குப் போதல் தகுமா?

உடையில் மானமும் அடங்கியிருக்கின்றது. யாழ்ப்பாணத்திலே, ஒடுக்கப்பட்ட மக்கள் மேலாடை அணியவும் காலணி இடவும் தடைவிதித்த காலம் ஒன்று இருந்தது. அத்தடைகளை எதிர்த்து அவர்கள் போராடினர். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 ஆம் ஆண்டில் வந்தது. எதை உடுத்துவது என்பது எவர் உடம்பை மதிப்பது என்பதோடு பிணைந்திருப்பதை அவ்வரலாறு காட்டும். உழைப்பாளியின் உடம்பு எதைக் கட்டினாலும் போதும் என்று நினைப்பது, அந்தப் பழைய அவமதிப்பின் எச்சமாகவும் இருக்கலாம். அதனை நம் வீடுகளிலிருந்தே களைய வேண்டும்.

அடுத்த பெருநாளுக்குத் துணி எடுக்கப் பட்டணம் செல்லும் அன்பர்களே, பட்டியலின் முதல்வரியில் தொழிற்களிசானை எழுதுங்கள். பிள்ளைகளே, தந்தையின் இடுப்பளவையும் தாயின் கால்நீளத்தையும் இன்றே அளந்து குறித்துவையுங்கள். பட்டுவேட்டி ஆண்டில் நான்கு நாள் நம்மை அலங்கரிக்கும். ஏனைய நாட்களில் நம் வீட்டுக்குச் சோறு கொண்டுவரும் உடம்பைக் காப்பது அந்த முரட்டுக் களிசானே.